உப்புக்காற்றில் கிடார் பெடல்கள்: கடலூர் அலமாரியின் எட்டு மாதக் குறிப்பு

கடலூர் முதுநகரில், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு வீட்டு அலமாரி. அதில் ஒன்பது கிடார் பெடல்கள்: கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டிகள். ஒன்று 1980களின் ஜப்பான் சரக்கு, ஒன்று போன வருடம் வந்த உள்ளங்கை அளவு மினி, மற்றவை இடையில் வந்தவை. மார்ச் முதல் அக்டோபர் வரை எல்லாவற்றையும் திறந்து, துடைத்து, அளந்து, தேவைப்பட்டதை மாற்றியதன் பதிவு இது. விலை மதிப்பு பற்றி இதில் ஒன்றும் கிடையாது.

மார்ச்

பழைய பெடலைத் திறந்ததும் எல்லோரும் ஐசி (சில்லு) நம்பரைத்தான் தேடுவார்கள். இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது ஒயர் செருகும் ஜாக்கை. உப்புக்காற்று நுழையும் வாசல் அதுதான். ஒன்பதில் நாலு பெடல்களில் இன்புட் ஜாக்கின் உள்நாக்கில் பச்சைக் களிம்பு. பேட்டரியின் மைனஸ் பெரும்பாலும் இந்த ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்தைத் தொட்டுத்தான் போர்டுக்குப் போகிறது. அதனால், அடாப்டரில் வேலை செய்கிற பெடல் புது பேட்டரியில் செத்துக் கிடந்தால் போர்டைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்த நாக்கைப் பாருங்கள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நிக்கல் பூச்சு போய்விடும், அடுத்த மழைக்காலத்தில் களிம்பு இரண்டு மடங்காகத் திரும்பும். விசிட்டிங் கார்டை அரை விரல் அகலத்தில் வெட்டி, கான்டாக்ட் கிளீனரில் நனைத்து, நாக்குக்கும் பிளக்குக்கும் நடுவில் வைத்து நாலு முறை இழுத்தால் போதும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அது விட்டுப்போகும் பிசுக்கில் தூசியும் உப்பும் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பெடலில் பேட்டரியை உள்ளேயே விட்டு வைத்திருந்தார்கள். ஸ்னாப் ஒயர் உறைக்குள் இரண்டு அங்குலத்துக்குக் கறுத்துவிட்டது. கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. சுரண்டி நேரத்தை வீணாக்காமல் வெட்டி எறிந்து புது ஸ்னாப் போட்டாயிற்று. இன்னொன்றில் அடிமூடியில் ஒட்டிய ஸ்பாஞ்ச் மக்கித் தார் மாதிரி ஆகிப் போர்டில் ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, மிச்சத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தோம்.

‘எல்இடி மங்குகிறது, ஒலியும் சோர்வு’ என்று ஒதுக்கி வைத்திருந்த பாஸ் (Boss) நிறுவனப் பெடலில் கோளாறே இல்லை. அடியில் ஏசிஏ அடாப்டர் என்று அச்சிட்டிருந்தது. அந்தக் கால ஏசிஏ அடாப்டர் ஏறக்குறைய 12 வோல்ட் தரும். பெடலுக்குள் ஒரு ரெசிஸ்டன்ஸும் டயோடும் அதைக் குறைத்துக்கொள்ளும். இன்றைய நிலையான 9 வோல்ட்டைக் கொடுத்தால் குறைந்ததற்கு மேல் குறைகிறது. ஒரே அடாப்டரில் இன்னொரு புதுப் பெடலோடு சேர்த்து இணைத்தால் சரியாகிவிடும். பெடல்களை இணைக்கும் பேட்ச் ஒயரின் கிரவுண்டு (பொதுப் பூஜ்ய இணைப்பு) வழியாக மின்சாரம் அந்த ரெசிஸ்டன்ஸைச் சுற்றிப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல்

இப்போது ஐசி. பெரும்பாலான ஐசிகளின் முதுகில் நாலு இலக்கத் தேதி இருக்கும்: 8412 என்றால் 1984ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். ஐசியின் தேதி பெடலின் சீரியல் நம்பர் சொல்லும் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியிருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

பாஸின் சிறிய வரிசை 1977இல் தொடங்கியது. 1980களின் கடைசியில் தயாரிப்பு தைவானுக்குப் போனது. ‘ஜப்பான் சரக்கு’ என்று கூடுதல் விலை சொல்வதெல்லாம் இந்தக் கோட்டை வைத்துத்தான். காதில் விழும் மாற்றத்துக்கும் நாட்டுக்கும் அவ்வளவு தொடர்பில்லை, உதிரிபாகம் கிடைக்காமல் போனதே காரணம். 1978இல் வந்த பாஸின் டிஸ்டார்ஷன் பெடல் டிஎஸ்-1 முதலில் தோஷிபாவின் டிஏ7136 ஐசியை வைத்திருந்தது. அதை விட்டு 1994இல் ரோம் (Rohm) நிறுவனத்தின் பிஏ728க்கு மாறியபோது சுற்றியிருந்த சர்க்யூட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. ப்ரோகோ நிறுவனத்தின் ராட் என்ற டிஸ்டார்ஷன் பெடலின் கதையும் இதுதான். எல்எம்308 கிடைக்காமல் ஓபி07 வந்தது. இரண்டுமே மந்தமான ஐசிகள், மைக்ரோ செகண்டுக்குச் சுமார் 0.3 வோல்ட்தான் ஏறும். ராட்டின் மழுங்கிய கரகரப்பில் அதற்குப் பங்கு உண்டு. பழைய ஐசிக்காக 1, 8ஆம் கால்களுக்கு நடுவே வைத்த 30 பிகோஃபாரட் கண்டன்சருக்கு ஓபி07இல் வேலை இல்லை. இந்த ஐசி அந்த வேலையை உள்ளேயே முடித்துக்கொள்கிறது.

ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலின் 808 மாடலுக்கும் 9 மாடலுக்கும் உள்ள வேறுபாடு என்று பேசப்படுவது அவுட்புட்டில் இரண்டு ரெசிஸ்டன்ஸ். 808இல் 100 ஓம், 10 கிலோஓம்; 9இல் 470 ஓம், 100 கிலோஓம். நாலு ரூபாய்ச் சமாச்சாரம். மாற்றிப் பார்த்ததில் வித்தியாசம் தெரிந்தது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பந்தயம் கட்டும் அளவுக்கு இல்லை.

மே

அதிக நேரம் தின்றது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ், ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்தான். 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்: இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டன்ஸ், மூன்று கண்டன்சர், இரண்டு கன்ட்ரோல். லண்டனின் குளிருக்குச் செய்தது, கடலூர் மே மாதத்துக்கு அல்ல.

டிரான்சிஸ்டருக்குப் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஓடாத பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ 100, 150 ரூபாய்க்குக் கிடைக்கும். ஸ்பீக்கரை ஓட்டும் பகுதியில் தகரக் குப்பி போல ஏசி128 இருக்கும். ஐந்து ரேடியோவில் ஒன்பது கிடைத்தன, தேறியவை மூன்று. மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் ஓட்டையில் செருகிப் பார்த்து நம்பக்கூடாது. ஜெர்மானியத்தின் கசிவையும் (தானாக ஒழுகும் மின்னோட்டம்) அது ஆதாயமாக (gain, பெருக்கும் மடங்கு) காட்டிவிடும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். எமிட்டரை 9 வோல்ட் பிளஸ்ஸுக்கும், கலெக்டரை 2.4 கிலோஓம், 68 ஓம் இரண்டையும் தொடராக வைத்து மைனஸுக்கும் கொடுங்கள். பேஸைத் தொடாமல் அந்த ரெசிஸ்டன்ஸ் மேல் வோல்ட் பாருங்கள். அது கசிவு. பிறகு பேஸிலிருந்து 2.2 மெகாஓமை மைனஸுக்கு இணைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 100ஆல் பெருக்கினால் உண்மையான ஆதாயம். இங்கே முதல் டிரான்சிஸ்டரில் 0.22, பிறகு 1.04, ஆக 82. இரண்டாவது 118. முதலாவதுக்கு 70 முதல் 85, இரண்டாவதுக்கு 110 முதல் 130 வரை இருந்தால் நல்லது. விரலால் பிடித்தாலே அளவு ஏறும். விட்டுவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் நிற்க வேண்டும். காலை ஆறு மணி, அறையில் 27 டிகிரி: 4.6. அதே நாள் மதியம் இரண்டு மணி, 38 டிகிரி: 6.1. ஒலி தும்மல் மாதிரி வெட்டி வெட்டி வந்து, இழுத்த ஸ்வரம் பாதியில் அறுந்தது. கசிவு சுமார் 10 டிகிரிக்கு இரட்டிப்பாகிறது. முதல் டிரான்சிஸ்டர் கசியக் கசிய இரண்டாவதுக்குப் போகும் மின்னோட்டம் குறைந்து, கலெக்டர் 9ஐ நோக்கி ஏறுகிறது. தீர்வு: அங்கிருக்கும் 8.2 கிலோஓமை எடுத்துவிட்டு 20 கிலோஓம் பிரிசெட், அதாவது திருகித் திருத்தும் ரெசிஸ்டன்ஸ். வோல்ட் ஏறினால் ரெசிஸ்டன்ஸைக் கூட்டி இறக்கலாம். 1960களின் கடைசியில் தயாரிப்பாளர்கள் சிலிக்கானுக்குத் தாவியதில் ஆச்சரியமே இல்லை. ஜெர்மானியத்தின் மென்மை உண்மைதான், இந்த ஊரில் அது ராத்திரிக்கு மட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஃபஸ் பிளஸ் கிரவுண்டு: பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்டில், மற்றவற்றில் மைனஸ். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இணைத்தால் பேட்ச் ஒயர் வழியாக அடாப்டரே ஷார்ட் ஆகும். தனி 9 வோல்ட் பேட்டரிதான் வழி.

ஜூலை

மினி பெடல். உள்ளே 1.6 மில்லிமீட்டர் நீள ரெசிஸ்டன்ஸுகள், எல்லாம் இயந்திரம் வைத்தவை. ‘ரிப்பேர் பண்ண முடியாது’ என்ற பேச்சு பாதி பொய். அந்தக் குட்டிப் பாகங்கள் கெடவே இல்லை. கெட்டது ஜாக். அது பெட்டியோடு மட்டும் நிற்காமல் நேரே போர்டில் ஈயம் (சால்டர்) வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. பிளக்கை ஒருமுறை பக்கவாட்டில் மிதித்தால் அந்த இழுப்பு ஈயத்தின் மேல்தான் விழும். லென்ஸில் பார்த்தால் ஜாக்கின் காலைச் சுற்றி மோதிரம் போல ஒரு விரிசல். ஐரோப்பாவின் 2006 விதிக்குப் பிறகு பெரும்பாலும் ஈயமில்லாத சால்டர்தான். அது உருக 217 டிகிரி வேண்டும், பழைய 63/37க்கு (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 போதும். அதனால் அப்படியே உருக்க முயன்று போர்டின் செம்புப் பேடைப் பிய்த்துவிடாதீர்கள். முதலில் 63/37 கொஞ்சம் சேர்த்துக் கலந்து, செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்து, பிறகு புதிதாக வையுங்கள். அயர்ன் 350 டிகிரி, ஒரு காலுக்கு மூன்று நொடி. கால் சுவிட்ச் மாற்றும்போதும் இதே மூன்று நொடிதான். மீறினால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, நெம்புகோல் சாய்ந்துவிடும்.

எக்கோ பெடல் ஒன்றும் இருந்தது. அந்தக் காலத்து பக்கெட் பிரிகேட் (ஒலியைக் கைமாற்றிக் கைமாற்றித் தாமதிக்கும்) ஐசிக்குப் பதில், கரோக்கி மைக் போர்டில் வரும் பிடி2399. 6ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவாக இருக்கும்போது பவர் போட்டால் ஐசி மாட்டிக்கொண்டு எக்கோவே வராது. கன்ட்ரோலோடு தொடராக 2.2 கிலோஓம் வைத்த பிறகு தொல்லை இல்லை.

அக்டோபர்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்பதும் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள். பேட்டரி எதிலும் இல்லை. கூடவே 200 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல். பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். முதல் முறை பதினெட்டு நாளில் பச்சையானது. மூடியின் ஒரு மூலை சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்த பிறகு இன்னும் ஆரஞ்சுதான்.

ஃபஸ் பெட்டிக்குள் பிரிசெட்டுக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் இரண்டு கோடு போட்டாயிற்று: ஒன்று ‘மே மதியம்’, இன்னொன்று ‘மார்கழி’. நடுவில் கால் சுற்றுக்கும் கொஞ்சம் கூடுதல்.