பதினாலு வயசுப் பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் அனுப்பப் பழக்குவது

பிளஸ் டூ வரைக்கும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, அதே வாசலில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். அடுத்த வருஷம் வேறு ஊர் ஹாஸ்டலில் தனியாக விடுகிறோம். பிள்ளை தவித்துப்போவது அங்கேதான். எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

முதல் வாரம் கூடவே போங்கள். ஆனால் டிக்கெட் கேட்பது, சில்லறை எண்ணி வாங்குவது எல்லாம் பிள்ளைதான். அடுத்த வாரம் அதே பஸ்ஸில் தள்ளி உட்காருங்கள். மூன்றாவது வாரம் பிள்ளை இறங்குகிற ஸ்டாப்பில் மட்டும் நில்லுங்கள். பிறகு தனியாக. பையில் தனியாக ஐம்பது ரூபாய், இரண்டு போன் நம்பர் எழுதிய சீட்டு, குழந்தைகள் உதவி எண் 1098 மனப்பாடம்.

இந்தப் பழக்கம் கெடுவது பெரும்பாலும் நாம் ஓயாமல் போன் அடிப்பதால்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "எங்க இருக்க?" என்றால் முதலில் சைலண்டில் போடும், அப்புறம் பொய் சொல்லும். சேர்ந்ததும் ஒரு போன் போதும்.

ஸ்டாப்பை விட்டுவிட்டால் உடனே பைக்கை எடுக்காதீர்கள். "எதிர்ப்பக்கம் போய், திரும்பி வர பஸ் எதுன்னு கேளும்மா" என்று சொல்லுங்கள். பயம் தானாகத் தணிய அந்தக் கால் மணி நேரம் வேண்டும். நாம் ஓடிப்போய் நின்றால், பயந்தது சரிதான் என்று மனதில் பதிந்துவிடும்.

யாராவது உரசினால் சத்தம் போட்டுக் கண்டக்டரிடம் சொல்லப் பழக்குங்கள். ஆண் பிள்ளைக்கும்தான்.