பகல் பத்து மணிக்கு லைட் போடச் சொன்னார்

2024 ஜூன் 19, புதன்கிழமை. வெயில் வாசப்படி ஏறிவிட்டது. "என்னடா இருட்டா கெடக்கு, லைட்டப் போடு" என்றார் மாமா. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

முந்தின நாள் சாயந்திரம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்திருந்தார். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார். விடிந்ததும் வயிற்றுவலி, வாந்தி. அக்கா மோர் கரைத்துக் கொடுத்தாள். சரக்கில் கோளாறு என்றால் ராத்திரியே தெரிந்திருக்காதா என்று நினைத்தோம், அங்கேதான் ஏமாந்தோம். தெருவில் வயிற்றுப்போக்கு என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சை நம்பி, முதலில் செத்தவர்களின் சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள்.

பைக்கில் நடுவில் உட்கார வைத்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்று சோடா பைகார்பனேட் ஏற்றி, 108-இல் சேலத்துக்கு அனுப்பினார்கள்.

சேலத்தில் டயாலிசிஸுக்குக் கையெழுத்துக் கேட்டதும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள், கிட்னி போய்விட்டது என்று. பயிற்சி மருத்துவர் ஒருவர் நின்று விளக்கினார். அந்தச் சாராயத்தில் இருந்த மெத்தனால் என்ற விஷ ஆல்கஹாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்புக் கடியில் சுரீர் என்கிறதே, அதே அமிலம். அது சேர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். கண் நரம்பைத்தான் பிடித்துக்கொள்ளும். மெத்தனால், அமிலம் இரண்டையும் ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கத்தான் டயாலிசிஸ்.

இதற்கு முறிவு மருந்தாக, வழக்கமான மதுவில் இருக்கிற ஆல்கஹாலான எத்தனாலே கொடுப்பதுண்டு என்றும் சொன்னார். கல்லீரல் அதைத்தான் முதலில் கவனிக்குமாம், மெத்தனால் உடையாமல் காத்திருக்குமாம். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "அப்ப ஒரு குவாட்டர் ஊத்தினா சரியாயிடுமா?" என்றார். அளவு பார்த்து ஆஸ்பத்திரியில் கொடுப்பது அது, வீட்டில் ஊற்றினால் ஆளே போய்விடுவார் என்று அதட்டினார் டாக்டர்.

அந்தச் சாராயத்தால் 60 பேருக்கு மேல் செத்தார்கள். மாமா பிழைத்துவிட்டார். பார்வைதான் முழுதாகத் திரும்பவில்லை. நேராகப் பார்த்தால் நடுவில் புகை மண்டுகிறதாம். பஸ் வருவது தெரிகிறது. எந்த ஊர் பஸ் என்று என்னைத்தான் கேட்கிறார்.