கனடாப் பெண்களின் ஸ்கேட்டிங்: சித்தப்பாவுக்குச் சொன்ன பதில்

நல்லூர்த் திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருக்கிறோம். கோண்டாவில் வீட்டில் மகளின் ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸ் தளத்தில் இசைக்குச் சறுக்கி ஆடுவது) வீடியோவைப் பார்த்த சித்தப்பா, "உதில கனடாப் பெட்டையளுக்கு எதிர்காலம் இருக்கோ, பிள்ளை? இல்லாட்டிச் சும்மா காசைக் கரைக்கிறியளோ?" என்று கேட்டார். இருக்கு சித்தப்பா என்று சொல்லி, இரவு நெடுநேரம் இருந்து கதைத்தேன்.

கனடாவுக்கு இந்த விளையாட்டில் பெரிய பேர் உண்டு. பார்பரா ஆன் ஸ்கொட் 1948இல் ஒலிம்பிக் தங்கம் எடுத்தார். 1988இல் கல்கரியில் எலிசபெத் மான்லிக்கு வெள்ளி. 2010இல் வன்கூவரில் யோவானி ரோஷெற், தாய் இறந்து சில நாட்களிலேயே ஐஸில் இறங்கி வெண்கலம் வென்றார். அந்த வீடியோவை இப்போது பார்த்தாலும் எனக்கு அழுகை வரும்.

நாங்கள் கனடா போன முதல் விண்டர் முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தோம். பக்கத்து வீட்டுச் சுன்னாகத்து அக்காதான், "பிள்ளையை வெளியில கொண்டு போ, இல்லாட்டி உனக்கு விசர் பிடிக்கும்" என்று ஸ்காபரோ சிவிக் சென்டருக்கு அருகில் உள்ள திறந்தவெளி ஐஸ் தளத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனா. நகரசபையின் தளம், நுழைவுக் காசு இல்லை. பிறகு மகள் கான்ஸ்கேட் என்ற ஆரம்ப ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்ந்தாள். பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு அரினா வாங்கில் குந்தியிருந்த தாய்மார்தான் அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதிகள். 2018இல் கேற்லின் ஒஸ்மண்டைப் பற்றிச் சொல்லித் தந்ததும் அவர்களே. நியூஃபவுண்ட்லாந்தில் மேரிஸ்டவுன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 2014இல் கால் எலும்பு முறிந்து, மீண்டு வந்தவர். பியொங்சாங் ஒலிம்பிக்கில் வெண்கலம் எடுத்து, அடுத்த மாதம் மிலானில் உலகச் சாம்பியன் ஆனார். 1973இல் கரன் மக்னுசன் வென்ற பிறகு எந்தக் கனடாப் பெண்ணுக்கும் கிடைக்காத பட்டம் அது.

அவர் ஓய்வு பெற்றதும் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் 2026 மிலான் ஒலிம்பிக்கிலும் பெண்கள் தனிப்போட்டிக்குக் கனடாவில் இருந்து போனது மடலின் ஷிசாஸ் ஒருவர் மட்டும். ஒரு நாட்டில் இருந்து எத்தனை பேர் போகலாம் என்பதை முந்திய உலகப் போட்டியின் இடங்கள்தான் தீர்மானிக்கின்றன. தனியாகப் போகிறவர் முதல் பத்துக்குள் வந்தால்தான் அடுத்த முறை இரண்டு பேருக்கு வழி. பதினொன்றாவதாக வந்தால் மறுபடியும் ஒருவர்தான். நாட்டில் இரண்டாவதாக நிற்கிற பெண் வீட்டில் இருந்து பார்ப்பாள். பெரிய மேடையின் பழக்கமே அவளுக்கு வராது. இந்தப் பாரத்தைத் தனியே சுமந்துகொண்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் படிப்பையும் கொண்டு போன ஷிசாஸை நான் மிகவும் மதிக்கிறேன். (படிப்பு என்றதும் பெரியம்மாவின் முகம் மலர்ந்தது.)

அப்படியானால் நம்பிக்கை எங்கே? முதலில் வயது. சீனியர் போட்டிகளுக்கான குறைந்த வயதை 15இல் இருந்து 17ஆக உயர்த்த 2022இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் முடிவெடுத்தது. பூஞ்சை உடம்புச் சிறுமிகள் நாலு சுற்றுத் தாவி எல்லாரையும் ஓரங்கட்டிய காலம் அதோடு தளர்ந்தது. 2026 மிலானில் தங்கம் எடுத்த அமெரிக்காவின் அலிஸா லியூவுக்கு 20 வயது, வெள்ளி எடுத்த ஜப்பானின் கவோரி சகமோட்டோவுக்கு 25. ஒஸ்மண்டும் 22 வயதில்தான் உலகப் பட்டம் எடுத்தார். ஆறுதலாக வளர்கிற கனடாப் பிள்ளைகளுக்கு இது நல்ல காலம்.

ஆனால் அந்த வயது வரைக்கும் அவர்களை ஐஸில் வைத்திருக்க வேண்டும். சிறு வயது வகுப்புகளில் பிள்ளைகள் நிறைந்து வழிகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் தனிக் கோச், ஐஸ் நேரம், பூட்ஸ் வேறு பிளேட் வேறு என்று செலவு ஏறும்போது ஒவ்வொருத்தராகக் கழன்று போகிறார்கள். எங்கள் வீடுகளில் ரியூஷனும் பரதநாட்டியமும் நிற்கும், ஸ்கேட்டிங்தான் முதலில் வெட்டுப்படும். இதுவும் இசைக்கு ஆடுவதுதானே; பரதத்தால் தாளம் அறிந்த பிள்ளைகள் நடுவர்கள் முன்னால் எவ்வளவு வடிவாக நிற்பார்கள் என்பதை ஏன் யோசிக்கிறோம் இல்லை?

"எங்கட புன்னாலைக்கட்டுவன் தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில ஆசியாவையே வெண்டவள்தானே" என்றார் சித்தப்பா. அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ரொறன்ரோவில் எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் இராப்போசனம் வைத்துக் காசு சேர்க்கின்றன. அதில் ஒரு பங்கை பதினொன்று முதல் பதினாலு வயது வரையான பெண் பிள்ளைகளின் ஐஸ் நேரத்துக்கு ஒதுக்கச் சொல்லி, திரும்பிப் போனதும் எங்கள் சங்கக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.