சத்திரத்தில் விட்ட பிறகு: ஓர் இல்லத்து நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சென்னை செங்குன்றம் பக்கம் உள்ள ஓர் இல்லத்துக்குப் போய் வருகிறேன். தெருவில் கிடந்த ஆண்களை அழைத்து வந்து, தங்கவைத்து, உடம்பைத் தேற்றி, வேலைக்கு அனுப்பும் கிறிஸ்தவ இல்லம். எனக்குக் கொடுத்திருப்பது ஆதார், வங்கிக் கணக்கு, காப்பீட்டு அட்டை என்று காகித வேலை. இங்கே யார் பெயரையும் எழுத மாட்டேன்.

நேற்று ராத்திரி வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து ஒருவரை அழைத்து வந்திருக்கிறார்கள். ஐம்பது வயது இருக்கும். காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து, குளிக்க வைத்து, முடி வெட்டி, அப்புறம்தான் சாப்பாடு. கணுக்காலுக்கு மேலே ஒரு புண், சீழ் வைத்திருந்தது. அதைக் கழுவிக் கட்டும்போது மனுஷர் ஒரு சத்தம் போடவில்லை, ஆனால் கழற்றிய செருப்பை மட்டும் கடைசி வரை கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் தலையணை இருந்தும் செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துத்தான் படுத்தார். பிளாட்பாரத்தில் முதலில் களவு போவது செருப்புதான் என்றார் சமையல் அண்ணன். அவரும் சில வருஷத்துக்கு முன் இப்படி வந்தவர்தான்.

ஜூன் 6, வெள்ளி

வந்தவருக்குக் கை நடுக்கம், வேர்வை, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். பாஸ்டர் உடனே ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டார்.

இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுத வேண்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். மருத்துவமனையில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அறையில் பூட்டி வைத்து ஜெபம் பண்ணினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது எனக்குப் பெரிய வேதனை. எங்கள் பாஸ்டர் சொன்னது: "ஜெபத்தை நான் ஆம்புலன்ஸ்ல உக்காந்துகிட்டும் பண்ணலாம்மா."

ஜூன் 15, ஞாயிறு

ஜெபத்துக்கு வந்தால்தான் சோறா என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. இங்கே காலை ஆறு மணிக்கு ஜெபம் உண்டு, வராதவர் வெளியே வராந்தாவில் பேப்பர் படிக்கலாம், இட்லி எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான். வெறும் வயிற்றோடு இருப்பவனிடம் வாங்கும் விசுவாசம் ஆண்டவருக்கு எதற்கு? இந்த ஒன்றில் எந்த இல்லம் சறுக்கினாலும் நான் அங்கே கால் வைக்க மாட்டேன்.

பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அவன் காயம் கட்டிய இடத்தைத்தான் எல்லாரும் பிரசங்கம் பண்ணுகிறோம். அவன் அதோடு போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். அந்தச் சத்திரக்காரனுக்குத்தான் நிஜமான வேலை, எத்தனை நாள் என்று தெரியாத வேலை. 1865இல் லண்டனில் வில்லியம் பூத் தொடங்கிய இயக்கம்தான் பின்னால் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) ஆனது. அவர்கள் சோறு போடுவதோடு நிற்காமல், 1891இல் எசெக்ஸ் பகுதியில் ஹாட்லி என்ற இடத்தில் பண்ணை நிலம் வாங்கி, வேலையற்றுக் கிடந்தவர்களுக்குத் தொழில் பழக்கினார்கள். அவ்வளவு காலத்துக்கு முன்பே இது தெரிந்திருக்கிறது.

ஜூலை 9, புதன்

ஆதார் மையம். வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பித் தேறிவிட்டார், புண்ணும் காய்ந்துவிட்டது. கொத்தனாராம். சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் இருபது வருஷம் புழங்கிய கை, விரலில் ரேகையே இல்லை. மையத்தில் இருந்த பெண் பொறுமையாக ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். பத்தும் சரியாக விழவில்லை. கண் விழியைத்தான் பதிவு செய்தது. முகவரிக்கு இல்லத்தின் சான்றிதழ், அங்கீகாரம் பெற்ற காப்பகத் தலைவர் குறித்த படிவத்தில் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வேறு காகிதம் எதுவும் இல்லாதவருக்கு ஆதாரும் இல்லையென்றால் கணக்கு, சிம் கார்டு கிடைப்பது கஷ்டம், கான்ட்ராக்டர் கேட்டில் உள்ளேயே விடமாட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

விண்ணப்பம் நிராகரிப்பு. இவருக்கு ஏற்கெனவே ஆதார் இருக்கிறதாம். பாஸ்டர் அவரைத் தனியாகக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ரொம்ப நேரம் கழித்து, இத்தனை நாள் சொன்னது தன் பெயர் இல்லை என்று சொன்னாராம். சொந்தப் பெயரைச் சொன்னார், விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம், ஒரு அக்கா.

அக்காவிடம் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "அம்மா காரியத்துக்குக்கூட வரலையேடா" என்று ஒரே அழுகை. இவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "ம், ம்" என்று மட்டும் சொன்னார். ஊருக்கு வா என்று அவர் கூப்பிடவில்லை, இவரும் கேட்கவில்லை. குடும்பத்தோடு சேர்த்துவைத்தோம் என்று எழுதினால் நன்கொடையாளர்களுக்குப் பிடிக்கும். ஆனால் எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிட முடியாது, அனுப்பவும் கூடாது. சிலர் ஊரைவிட்டு வந்ததற்கான காரணம் அந்த வீட்டுக்குள்ளேயே இன்னும் உட்கார்ந்திருக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நிஜப் பெயரில் ஆதார் கைக்கு வந்து, ஜன் தன் கணக்கும் தொடங்கியாயிற்று. கொத்தனார் அண்ணனுக்கு மாதவரத்தில் கட்டட வேலை. சனிக்கிழமை கூலி நாள், எங்களுக்கு வாரத்திலேயே பயமான நாள் அதுதான். 2003இலிருந்து மதுக்கடையை அரசே டாஸ்மாக் மூலம் நடத்துகிறது, சைட்டிலிருந்து இல்லத்துக்கு வரும் வழியில் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் சமையல் அண்ணன் டிவிஎஸ் எக்செல்லில் போய் கேட்டிலேயே நிற்கிறார்.

வேறொரு தம்பி போன வாரம் கூலியோடு காணாமல் போய், மூன்றாம் நாள் சட்டையில்லாமல் வந்தான். அவன் கட்டிலை அப்படியே வைத்திருந்தார்கள். இது தப்பு, மற்றவர்களுக்கு இடம் கிடைக்காமல் போகிறது என்று கமிட்டியில் ஒருவர் கோபப்பட்டார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, வெளியே வரிசையில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் விழுந்தவனை விழுந்ததற்காகவே வெளியே தள்ளினால் இந்த இல்லம் எதற்கு?

அக்டோபர் 18, சனி

மழை பிடித்துவிட்டது, இல்லத்தில் இடமே இல்லை, ஹாலிலும் பாய் போட்டிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் வீடற்றவர்கள். நகரத்தில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. காப்பகம் கூடக் கூட நல்லதுதான். ஆனால் தேறியவர் வெளியே போக ஓர் அறை கிடைக்காவிட்டால் உள்ளே வர வேண்டியவருக்குக் கட்டில் எப்படிக் காலியாகும்?

கொத்தனார் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வாடகைக்கு அறை தேடுகிறார்கள். மூன்று பேருக்கும் வேலை இருக்கிறது, கணக்கில் பணம் இருக்கிறது. "முன்னாடி எங்க இருந்தீங்க?" என்ற கேள்வியில் எல்லாம் நின்றுவிடுகிறது. நேற்று ஒரு வீட்டில் பேசி முடித்த பிறகு, இல்லத்துப் பெயரைக் கேட்டதும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அட்வான்ஸ் வேறு பத்து மாசம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் அதே சட்டம் வழிவிடுகிறது, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

மாதவரம், கொளத்தூர், பெரம்பூர் பக்கம் யாருக்காவது அறை தெரிந்தால் சொல்லுங்கள். மாடி ஷீட் போட்ட அறையானாலும் பரவாயில்லை, தண்ணீர் வசதி மட்டும் வேண்டும். மூன்று மாத அட்வான்ஸ் கையில் தயாராக இருக்கிறது, பாக்கியை மாதாமாதம் கட்டுவார்கள், ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன். தீபாவளி திங்கட்கிழமை, செவ்வாயிலிருந்து எந்த நேரமும் நாங்கள் வந்து அறையைப் பார்க்கிறோம்.