பெயர் மட்டும் மிஞ்சிய பென்ரைவ்

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கான நினைவு மலரை அச்சிடக் கொடுக்கப் போன அன்றுதான், இலவசமாகக் கிடைத்த பென்ரைவை நம்பியதன் விலை எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கருத்தரங்கின் முடிவில், கோப்பு உறையோடு சேர்த்துக் கையில் தந்த அந்தப் பென்ரைவில் 16 ஜி.பி. என்று பொறித்திருந்தது. சித்தப்பா கனடாவிலிருந்து அனுப்பிய பழைய படங்கள் உட்பட எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு கொக்குவிலிலிருந்து நகரத்து அச்சகத்துக்குப் போனேன். அங்கே திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒன்றுகூடக் குறையாமல் வரிசையாக நின்றன. படங்களில் பாதிக்கு மேல் திறபடவில்லை. மூலப் படங்கள் மடிக்கணினியில் இருந்ததால் தப்பினேன்.

வீடு திரும்பியதும், பென்ரைவை முழுக்க நிரப்பி மீண்டும் வாசித்துப் பார்க்கும் எஃப்3 என்ற மென்பொருளால் அதைச் சோதித்தேன். உள்ளே இருந்தது 4 ஜி.பி.க்கும் சற்றுக் குறைவு. இத்தகைய பென்ரைவ்களில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு, இல்லாத கொள்ளளவை இருப்பதாகக் கணினிக்குச் சொல்லும்படி நிரல்படுத்தப்பட்டிருக்கும். கோப்புப் பெயர்களின் அட்டவணை நினைவகத்தின் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால் அது பிழைத்துக்கொள்கிறது. இடம் முடிந்த பிறகு எழுதப்படுபவை காணாமற் போகின்றன, அல்லது முன்னர் எழுதியதை அழித்துவிடுகின்றன.

இலவசப் பென்ரைவ்கள் எல்லாமே இப்படிப் பொய் சொல்வன அல்ல. பெரும்பாலானவை வெறுமனே தரம் குறைந்தவை. தொழிற்சாலைச் சோதனையில் பின்தங்கிய நினைவகச் சில்லுகளே மலிவுப் பென்ரைவ்களுக்குப் பெரிதும் போய்ச் சேர்கின்றன. 2000ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0 இணைப்புத் தரமே நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்.பி. வரை இடம் தருகிறது. என்னிடமுள்ள இன்னொரு பென்ரைவோ நொடிக்கு 4 எம்.பி. வேகத்தில் எழுதுகிறது, அதாவது 3 ஜி.பி. ஏற்றுவதற்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் வாங்குபவர் விலையையும் நிறத்தையும் சின்னம் பதிக்கும் இடத்தையும் பார்க்கிறாரே தவிர, ஒன்றையாவது செருகிப் பார்ப்பதில்லை என்றே நினைக்கிறேன்.

அம்மாவின் பனையோலைப் பெட்டியில் இப்போது இவ்வாறான ஏழு பென்ரைவ்கள் கிடக்கின்றன. முற்றத்துச் சருகோடு சேர்த்து எரிக்கவும் முடியாது, பிளாஸ்டிக்கையும் செம்பையும் வீட்டில் பிரித்தெடுக்கவும் முடியாது. அவற்றின் மேல் அச்சிட்ட சின்னங்கள் மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. எங்கள் பழைய மாணவர் சங்கமும் அடுத்த ஒன்றுகூடலில் பென்ரைவ் கொடுக்கலாம் என்று யோசிக்கிறது. ஒரு கொப்பியும் பேனையும் போதும் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன்.