தீப்பொறியில் செம்பு நானோ துகள்: ஜோகன்னஸ்பர்க் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

மின்பொறியால் உலோக நானோ துகள் செய்யும் கருவி, டர்பனில் ஓடிக்கொண்டிருந்தது, இங்கே மறுபடி பூட்டியாயிற்று. 1988-இல் ஷ்வின், கார்வின், ஷ்மிட்-ஓட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் விவரித்த அதே ஏற்பாடுதான். எதிரெதிரே இரண்டு செம்புக் கம்பிகள், விட்டம் 6 மி.மீ., நடுவே 0.6 மி.மீ. இடைவெளி, அதன் குறுக்கே நைட்ரஜன். 20 நானோஃபாரட் மின்தேக்கியை 5 மில்லி ஆம்பியர் மாறா மின்னோட்டம் நிரப்புகிறது. இடைவெளி தாங்காதபோது பொறி வெடிக்கும். உலோகம் ஆவியாகி, குளிர்ந்து, துகளாகும். பிளாட்டினம் இந்த நாட்டிலேயே ருஸ்டன்பர்க் ஊர்ப் பக்கம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்றாலும் கம்பியாக வாங்கப் போனால் விலை வேறு கதை. ஓட்டம் சீராகும்வரை செம்புதான்.

மார்ச் 4, செவ்வாய்

பொறிச் சத்தம் டர்பனில் கேட்டதைவிட வேகமாக இருக்கிறது. துகளைப் பிடிக்கும் வடிதாளில் சேரும் எடையோ குறைவு. காரணம் உயரம். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல், இங்கே ஏறத்தாழ 83. பாஷன் விதிப்படி, அழுத்தம் இறங்கினால் அதே இடைவெளி குறைந்த மின்னழுத்தத்திலேயே உடையும். 3 கிலோவோல்ட் இருந்த இடத்தில் 2.6 என்று வைத்துக்கொண்டால் கணக்கு இது: ஒரு பொறியின் ஆற்றல் 90 மில்லிஜூலிலிருந்து 68-க்கு இறங்குகிறது, வினாடிக்கு 83 பொறி 96 ஆகிறது. மொத்தத் திறன் 7.5 வாட்டிலிருந்து 6.5. இழப்பு அத்தோடு நிற்காது. ஒவ்வொரு பொறியிலும் ஒரு பங்கு ஆற்றல் உலோகத்தைச் சூடாக்குவதிலேயே போய்விடும். அதற்கு மேல் மிஞ்சுவதுதான் ஆவியாக்கும். அதனால் நூறு சின்னப் பொறிகளைவிட எண்பது பெரிய பொறிகள் மேல்.

இடைவெளியை 0.7 மி.மீ.க்குச் சற்று மேல் அகட்டினால் 3 கிலோவோல்ட் திரும்பிவிடும். வெளியேறும் வழியில் ஊசி வால்வு வைத்து, பொறி வெடிக்கும் அறையை 101-க்கு ஏற்றுவது இன்னொரு வழி. டர்பன் அளவீடுகளோடு ஒப்பிட வேண்டுமானால் இரண்டாவதுதான் சரி. ஆனால் கசிவு இருந்தால் துகள் ஆய்வுக்கூடத்துக்குள் வரும். சோப்புக் கரைசலால் ஒவ்வொரு இணைப்பையும் சோதித்த பிறகே பொறி.

மார்ச் 6, வியாழன்

வாயுவிலும் இதே சிக்கல். ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் 3 லிட்டர், 0 டிகிரி, 101.3 கிலோபாஸ்கல் என்ற நியம நிலைக்கான கணக்கு. 20 டிகிரியில், 83 கிலோபாஸ்கலில் அது நிஜத்தில் 4 லிட்டரை நெருங்கும். துகள்கள் ஒன்றோடொன்று மோத நேரம் குறையும், அவை ஒட்டிச் சேரும் கொத்துகள் சிறுக்கும்.

மின்வெட்டுக்கும் ஏற்பாடு வேண்டும். கரண்ட் போனாலும் மின்தேக்கியில் மின்னூட்டம் அப்படியே நிற்கும். குறுக்கே 100 மெகா ஓம் மின்தடை இருந்தால் பத்து வினாடியில் ஏறக்குறைய வடிந்துவிடும். அது உறிஞ்சுவது 30 மைக்ரோ ஆம்பியர்தான், ஓட்டத்துக்குத் தொந்தரவில்லை. அதற்குப் பிறகும் தரைக்கம்பியால் தொடாமல் கை வைக்கக் கூடாது. கட்டுப்பாட்டு வால்வு தானே மூடிக்கொள்ளும் வகையாக இருந்தால் நைட்ரஜன் நின்று, வெளிக்காற்று பின்வழியே நுழையும். அந்த ஆக்சிஜன் போதும், செம்பு ஆக்சைடாகிவிடும். மின்சாரம் வந்ததும் பொறியைப் போடாமல், அறையின் கொள்ளளவைப்போல் பத்து மடங்கு வாயுவையாவது ஓடவிட வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

பொறிகளின் எண்ணிக்கை மெல்ல இறங்கினால் உடனே இடைவெளியை மாற்றும் திருகாணியைத் தொட வேண்டாம், முதலில் அழுத்தமானியைப் பாருங்கள். முள் அசையவில்லை என்றால் கம்பி தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது, நெருக்கலாம். முள் ஏறியிருந்தால் வடிதாள் துகளால் அடைத்து, அறை அழுத்தம் கூடி, உடையும் மின்னழுத்தமும் கூடியிருக்கிறது. அந்த நிலையில் கம்பியை நெருக்கினால், புது வடிதாள் போட்டதும் பொறி முன்னிலும் சிறுத்துவிடும்.

அறையைத் திறக்குமுன் காற்றை மெல்ல மெல்ல உள்ளே விட வேண்டும். புதுச் செம்புத் துகள் திடீரென்று ஆக்சிஜனைக் கண்டால் சூடேறும். சுத்தம் செய்வது ஈரத் துணியால், புகை உறிஞ்சிக்கு அடியில்.