5 மில்லிமீட்டருக்கு 5 டயர்

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிக்கு மேலே எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் போகும் கடைசி மூன்று கிலோமீட்டர் மண் பாதை. கமாண்டர் ஜீப்புகள் மூட்டை ஏற்றிக்கொண்டு வருடக்கணக்கில் ஓடியதில் சக்கரத் தடம் இரண்டும் பள்ளமாகிவிட்டன. நடுவில் கல்லும் புல்லுமாக ஒரு மேடு. 2024 தொடக்கத்தில் மாருதியின் 4 வீல் டிரைவ் வண்டியான ஜிம்னி வாங்கியதே இந்தப் பாதைக்காகத்தான். லேடர் ஃபிரேம் (ஏணி போன்ற அடிச்சட்டம்), முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில் (இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), 4எல் கியர் (நான்கு சக்கரத்துக்கும் மெதுவான, அதிக இழுவை), தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ். போதும் போதும் என்று இருந்தேன். அந்த வருடம் ஐப்பசி மழையில் வண்டி நடு மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் வந்த ஜீப்பில் கயிறு கட்டித்தான் வெளியே வந்தேன்.

அன்று ராத்திரியே வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் தேட ஆரம்பித்துவிட்டேன். 2 இன்ச் உயர்த்தி, சேற்றுக்கான பெரிய 235/75 ஆர்15 மட் டயர் மாட்டிய ஜிம்னி படங்களைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அப்பா மட்டும், "வண்டியத் தூக்குறதுக்கு முன்னாடி பாதையப் பாருடா" என்றார். நான் எங்கே கேட்டேன்.

ஒரு கடையில் 2 இன்ச் உயரமான காயில் ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் மாட்டினார்கள். டயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பார்க்க வண்டி நன்றாகத்தான் இருந்தது. வத்தலக்குண்டு தாண்டி நான்கு வழிச் சாலையில் 80ஐத் தொட்டபோதுதான் ஒரு சின்னப் பள்ளத்தில் முன் சக்கரம் விழுந்து எழுந்தது. ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. கொஞ்ச நஞ்ச ஆட்டம் இல்லை. இரண்டு கையாலும் பிடித்தும் நிற்கவில்லை, 50க்கு இறங்கிய பிறகுதான் அடங்கியது. கை நடுக்கம் அதற்கு அப்புறமும் அரை மணி நேரம் இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ரிஜிட் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் நீளக் கைகள் ஃபிரேமோடு சேர்ந்திருக்கின்றன. ஃபிரேம் உயர்ந்தால் அந்தக் கைகளின் சாய்வு மாறி, ஆக்ஸில் கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. அதனால் கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைகிறது. ஸ்டியரிங்கைத் தானாக நேராக்கும் குணம் அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று, ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடு. வண்டி உயர்ந்ததும் அது ஆக்ஸிலை ஒரு பக்கம் இழுத்துவிடுகிறது. பின்னால் நின்று பார்த்தால் ஒரு பக்கச் சக்கரம் விரல் அகலத்துக்கு வெளியே தள்ளி நின்றது. பிரேக் ஹோஸும், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது விறைப்பாகிவிட்டது.

இதையெல்லாம் சரி செய்யலாம். கேஸ்டரைத் திருத்தும் புஷ், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு, நீள பிரேக் ஹோஸ். ஆனால் ஸ்பிரிங் மாட்டும் முன்பே இந்தப் பட்டியலைக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். 2 இன்ச் லிஃப்ட் என்று விலை கேட்பவர்கள் இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். "ஒண்ணும் தேவையில்ல சார்" என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

ஸ்டியரிங் கதை ஒரு பக்கம் இருக்கட்டும். இவ்வளவு செய்தும் தோட்டப் பாதையில் வண்டி இடிப்பது நிற்கவில்லை. கயிறு கட்டி இழுத்த அதே ஜீப்புக்கார அண்ணன்தான் கேட்டார்.

"தம்பி, எங்க இடிக்குதுன்னு அடியில படுத்துப் பாத்தியா?"

"இல்லண்ணே."

"படு."

படுத்தேன். இரண்டு இடத்தில் கீறல். ஒன்று நடுவில், முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் பக்கம். அங்கே கீறல் பழையது, லிஃப்ட் போட்ட பிறகு புதிதாக எதுவும் இல்லை. இன்னொன்று பின் ஆக்ஸிலில் உருண்டையாகப் புடைத்திருக்கும் டிஃபரென்ஷியல் ஹவுசிங். அங்கே மட்டும் பெயின்ட் போய்ப் பளபளவென்று இருந்தது. ஏனென்றால் ஸ்பிரிங் உட்காருவது ஆக்ஸிலுக்கு மேலே. அதை எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் மேலே போகும், டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். ரிஜிட் ஆக்ஸில் வண்டியில் அதை உயர்த்த நடைமுறையில் ஒரே வழி உயரமான டயர். இந்த ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தால் ஸ்பிரிங் காசு மிச்சம்.

சரி, டயருக்கு வருவோம். கணக்கு எளிது. 195/80 ஆர்15 என்றால் அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம் (இதுதான் விகிதம்), ரிம் விட்டம் 15 இன்ச், அதாவது 381 மி.மீ. அகலத்தை விகிதத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, ரிம் விட்டத்தோடு கூட்ட வேண்டும். கம்பெனி டயர் 195/80 ஆர்15: மொத்த உயரம் 693 மி.மீ. 215/75 ஆர்15: 703.5. 235/75 ஆர்15: 733.5. டயர் எவ்வளவு உயர்கிறதோ அதில் பாதிதான் ஆக்ஸிலுக்குக் கிடைக்கும். ஆக 215 போட்டால் 5 மி.மீ., 235 போட்டால் 20 மி.மீ.

20 மி.மீ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 235க்குக் குறைந்தது 6 இன்ச் அகல ரிம் வேண்டும். கம்பெனி ரிம் 5.5 இன்ச். டயர் சுற்றளவு ஏறக்குறைய 6 சதவீதம் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 85ஐ நெருங்கும். ஓடோமீட்டரும் குறைவாகக் காட்டுவதால் மைலேஜ் விழுந்ததைவிட அதிகமாக விழுந்ததுபோலத் தெரியும். எல்லா கியரும் ஒரு படி சோம்பலாகிவிடும். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நண்பர் ஒருவரின் 235 சக்கரங்களை என் வண்டியில் ஒரு மதியம் மாட்டிப் பார்த்தேன். நேராக ஓடும்போது எங்கும் படவில்லை. ஒரு சக்கரத்தைக் கல் மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தபோது உரசியது. சமதளத்தில் மட்டும் ஒடித்துப் பார்த்துவிட்டு "உரசல" என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

ஜீப்புக்கார அண்ணன் வண்டியில் இருப்பது 6.00-16 டயர். ஒல்லி, ஆனால் உயரம். அந்த ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடி மண்ணைப் பிடிப்பதை அவர் பின்னாலேயே போய்ப் பார்த்த பிறகு அகல டயர் மோகம் எனக்குப் பாதி போய்விட்டது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே சொன்னது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்க்கப்போவது இதைத்தான். நெடுஞ்சாலையில் அந்த ஆட்டத்தைப் பார்த்தவனுக்கு முடிவெடுப்பது கஷ்டமாக இல்லை. பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டினேன்.

டயரை 195/80 அளவிலேயே ஏ/டி பட்டனில் (தார், மண் இரண்டுக்கும் பொதுவான டயர் வெட்டு) கேட்டேன். கடையில் இல்லை, எப்போது வரும் என்றும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் 215/75 ஏ/டி வாங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்தேன். இதில் எனக்கு இன்னமும் முழு நிம்மதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து டயர் வாங்க வேண்டும், நான்கு போதாது. ஸ்டெப்னி வேறு உயரத்தில் இருந்தால் 4 வீல் டிரைவில் போட்டு ஓட்ட முடியாது. கூடிய உயரம் வெறும் 5 மி.மீ. ஆனால் ஈர மண்ணில் வழுக்கல் பாதியாகக் குறைந்தது, காரணம் பட்டன்தான். மண் பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கியபோது மீதிப் பாதியும் போனது. திரும்பி வரும்போது தார் ரோட்டில் ஏறும் முன் அடித்துக்கொள்ள ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கிறது. டிரான்ஸ்பர் கேஸுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடும் போட்டுக்கொண்டேன்.

டிஃபரென்ஷியல் இடிப்பதற்கு? இரண்டு ஆள், ஒரு நாள் கூலி, கடப்பாரை, மண்வெட்டி. மேடு மோசமாக இருந்த நானூறு அடியை வெட்டிப் பள்ளத்தில் தள்ளினோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வேலிப் பக்கம் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் போனபோது பார்த்தேன், ஜீப் தடம் மறுபடி பள்ளமாகத் தொடங்கியிருக்கிறது. புரட்டாசியிலேயே ஆள் சொல்லிவைக்க வேண்டும்.